எட்டாவது ஸ்டேஜ்

காலை ஏழரைக்குக் கள்ளக்குறிச்சி வண்டி மலைமேல் வெள்ளிமலையில் நின்று, கடைசி ஆள் கோழிக்கூடையோடு இறங்கிப் போனதும், கண்டக்டர் பூமாலை பின்சீட்டுக்குப் போய் உறையிலிருந்து கிட்டாரை எடுத்தார். திரும்பிப் புறப்பட நாற்பது நிமிஷம் இருந்தது. டிரைவர் முனியன் டீக்கடைக்குப் போகிற வழியில் ஜன்னல் கம்பியைத் தட்டி, "இன்னா கண்டக்டரே, ஜப்பான் வண்டி கெளம்பிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பூமாலைக்கு இதெல்லாம் உறைக்காது. நாற்பத்தாறு வயதில் கிட்டார் கற்றுக்கொள்ளக் கிளம்பிய ஆள் கேலிக்குப் பயந்தால் முதல் நாளே மூட்டை கட்டியிருக்க வேண்டும்.

கிட்டார் மகள் செவ்வந்தியுடையது. காலேஜில் சேர்ந்த புதிதில் அடம்பிடித்து வாங்கியவள், விரல் நுனி எரிகிறது என்று மூன்றே வாரத்தில் அதை பீரோ மேல் ஏற்றிவிட்டாள். அது அங்கேயே ஒட்டடை வாங்கிக்கொண்டு கிடந்தது. அதற்குள் அவள் படித்து முடித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமும் ஆகிவிட்டது. நடுவில் அவள் அம்மா அமிர்தம் பதினோரு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். வருகிற ஐப்பசியோடு அதற்கு மூன்று வருஷம்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் மத்தியானம், அடுத்த டிரிப்புக்குக் காத்திருந்த நேரத்தில், பூமாலை போனில் எதையோ தேடப்போக, தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் கிட்டாரோடு திரையில் வந்து உட்கார்ந்தார். ஹிராஜோஷி என்று ஒரு பேர் சொன்னார். ஜப்பான்காரர்கள் வாசிக்கிற வரிசையாம், மொத்தமே ஐந்து சுரம்தானாம். சொல்லிவிட்டு மேலே ஏறினார், கீழே இறங்கினார். இறங்கும்போது பூமாலைக்கு முதுகு சிலிர்த்தது. அது அமிர்தம் முனகுகிற மெட்டு. முறத்தில் சாமை புடைக்கும்போது, தொட்டிலில் செவ்வந்தியைப் போட்டு ஆட்டும்போது, வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே அவள் முனகிக்கொண்டிருப்பாள். வார்த்தை ஒன்றும் கிடையாது. அவள் போன பிறகு அதை எத்தனையோ தடவை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்து, வராமல் விட்டிருந்தார். முகம் போட்டோவில் இருந்தது. குரல்கூட யாரோ எடுத்த கல்யாண வீடியோ ஒன்றில் "பந்திக்கு வாங்க" என்று சொல்கிற அளவுக்கு இருந்தது. இந்த மெட்டு மட்டும் எங்குமே இல்லை. இப்போது அது யாரோ ஒரு தாடிக்காரரின் விரலில் இருந்தது. பூமாலை அந்த வீடியோவை ஒன்பது முறை பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி கிட்டாரை இறக்கினார்.

தாடிக்காரர் பேசியதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே பூமாலைக்குப் போதுமானதாக இருந்தது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே கம்பி வைத்துப் பிரித்திருக்கிற கட்டங்களை அவர் பஸ் டிக்கெட் ஸ்டேஜ் என்று கணக்கு வைத்துக்கொண்டார். ஒரு தந்தியில் பன்னிரண்டு ஸ்டேஜ். சாதாரண வண்டி எல்லாவற்றிலும் நிற்கும், இந்த வண்டி ஐந்தில்தான் நிற்கும். விரலே வைக்காமல் தந்தியைத் தட்டினால் கள்ளக்குறிச்சி. இரண்டாவது கட்டம் கச்சிராயபாளையம். அதை ஒட்டி மூன்றாவது, கோமுகி அணை. அப்புறம் நாலு கட்டம் எங்கேயும் நிற்காமல் ஒரே தாவல், அது கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது சந்தைமேடு, அதை ஒட்டி எட்டாவது வெள்ளிமலை. மறுபடியும் ஒரு நாலு கட்டம் தாவினால் பன்னிரண்டாவதில் அதே கள்ளக்குறிச்சி, கொஞ்சம் கீச்சென்று. ரிட்டர்ன் டிரிப். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவருக்குத் தாடிக்காரர் மேல் ஒரு இரக்கமே வந்தது. பாவம், இவ்வளவு சுலபமான விஷயத்தைப் படம் போட்டு இருபது நிமிஷம் விளக்கிக்கொண்டிருக்கிறார்.

விரல்களும் அவருக்கு வாய்த்திருந்தன. இருபது வருஷமாக ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து இடது கை விரல் இடுக்குகளில் செருகிக்கொண்டு, ஓடுகிற வண்டியில் கம்பியில் சாய்ந்து நின்ற கை அது. ஒரு விரல் செய்வது இன்னொரு விரலுக்குத் தெரியாது. வைகாசி முடிவதற்குள் நாலு கட்டத் தாவலைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தார். கேட்டவர்கள் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஆனாலும் அது முழுக்க அமிர்தத்தின் மெட்டாக வரவில்லை. சுரங்கள் சரி, ஓட்டமும் சரி, கேட்டு முடித்தால் மட்டும் மனசு என்னவோ மாதிரி இருந்தது. இன்னும் பழக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆனி மாதத்தில் அந்தப் பழக்கத்துக்கு ஒரு வேலை வந்தது.

புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று இந்தப் பக்கத்தில் கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்கு. ஏரிக்கரைக்கோ கிணற்றடிக்கோ போய், பம்பையும் உடுக்கையும் அடித்து அவளை அழைப்பார்கள். அவள் யார் மேலாவது இறங்கி, சந்தோஷம், நடத்துங்கள் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். பூமாலை வீட்டில் அப்படி ஆடுவதற்கென்றே அவருடைய அக்கா குஞ்சம்மாள் இருந்தாள். சொந்தத்தில் எந்தப் பூவாடைக்காரி வருவதானாலும் குஞ்சம்மாள் மேல்தான் வருவாள். அப்படி அவள் மேல் வந்தவர்கள் எல்லோரும் அரக்குக் கலரில் புடவை கேட்டார்கள்.

செவ்வந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அத்தைய நான் கொற சொல்லலப்பா. ஆனா அத்தை ஆடிட்டு, அம்மா வந்துட்டாங்கன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அம்மாதான்னு எனக்குத் தெரியணும்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா மணையில ஒக்கார மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற பெண் இல்லை அவள். அம்மாவின் பிடிவாதம் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. வேறு அப்பாவாக இருந்தால் பதறியிருப்பார். பூமாலை ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "வருவா. நான் இட்டுக்கினு வரேன்" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில், ஸ்டாப்பிங்கில் நிற்கிற ஆளை ஏற்றிக்கொண்டு வருவது போலத்தான் இருந்தது. தொட்டிலில் கிடந்து கேட்ட மெட்டைப் பெண்ணுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமா என்பது அவர் கணக்கு.

பம்பைக்காரர் இருசப்பனிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "வாசிங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. நாங்க நிறுத்திக்கிறோம், அந்த நேரத்துல வாசிங்க. ஆனா அழுவுற மாதிரி மட்டும் எதுவும் வாணாங்க. அவங்க இப்ப சாமி. பூவாடைக்காரிய அழுதுக்கினு கூப்ட்டா பாதி வழியிலயே திரும்பிடுவாங்க."

"இது கொழந்தய தூங்க வெக்கற பாட்டுங்க. இதுல இன்னா அழுவ இருக்குது?" என்றார் பூமாலை.

அழுகை இருந்தது. அது கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வெள்ளிமலையில் நின்றிருந்த வண்டியில்தான் தெரிந்தது. அன்று அவர் கிட்டாரில், கள்ளக்குறிச்சியில் ஆரம்பித்து, வெள்ளிமலை வரை ஏறி, நிறுத்தி நிதானமாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தார். பின் படிக்கட்டில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. காசியம்மாள் நின்றிருந்தாள். அமிர்தம் பிறந்த இதே வெள்ளிமலைக்காரி, பங்காளி வகையில் அவளுக்குத் தங்கை முறை. வாரத்தில் நாலு நாள் இந்த வண்டியில் புளியும் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு கீழே போகிறவள். கூடையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு மாமா பூட்டாங்க?"

"யாரும் போவலயே. ஏன்?"

"பின்ன இன்னாத்துக்கு எழவு பாட்ட வாசிச்சிக்கினு கீறீங்க? டீக்கடையாண்ட கேட்டதுமே ஓடியாந்தேன்."

பூமாலைக்குக் கோபமே வந்தது. இது அமிர்தம் பாடுகிற தாலாட்டு என்றார். காசியம்மாள் கூடையைப் படியில் வைத்துவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, இடமெல்லாம் அதுதான், ஆனால் இது தாலாட்டு இல்லை என்றாள். அப்படியானால் நீ பாடு என்றார். அவள் வெட்கப்பட்டு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் முனகினாள். பூமாலை தந்தியில் விரலை ஓட்டி அவளைப் பின்தொடர்ந்தார். அதே ஐந்து இடம், ஒரு கட்டம்கூட மாறவில்லை. ஆனால் அவள் எட்டாவதில் ஆரம்பித்தாள். சந்தைமேட்டுக்கு இறங்கினாள், எட்டுக்கே திரும்பினாள். மேலே பன்னிரண்டைத் தொட்டாள், திரும்பினாள். கடைசியில் அணை, பாளையம், கள்ளக்குறிச்சி என்று அடிவரைக்கும் இறங்கி, அங்கே நிற்காமல் மறுபடியும் ஏறி வந்து எட்டில் உட்கார்ந்தாள். கேட்க இதமாக இருந்தது. அவருக்கு இத்தனை நாள் கேட்டு முடித்ததும் என்னவோ மாதிரி இருந்த இடம் இப்போது இல்லை.

"நீ ஏன் மேலயே குந்திக்கினு கீற?" என்றார் பிடிகொடுக்காமல். "வண்டி கள்ளக்குறிச்சில கெளம்புனா கள்ளக்குறிச்சிக்குத்தான வந்து சேரணும்."

காசியம்மாள் சிரித்துவிட்டாள். "உங்க வண்டி அங்க கெளம்புது மாமா. நாங்கல்லாம் இங்க இருந்துதான் கெளம்புறோம். கீழ போயி விக்கறத வித்துட்டு, இங்க வந்து எறங்குனாத்தான் எங்களுக்குப் பொழுது முடிஞ்சுது. கீழ எறங்குன எடத்துலயே நின்னு பூட்டா அது எழவு பாட்டு. அக்காவ எடுத்த அன்னிக்கு நான் அப்படித்தான் பாடுனேன், நீங்க கேக்கல."

கேட்காமல் இல்லை. கேட்டிருந்தார். மூன்று வருஷமாக நினைவுக்கு வராமல் தொண்டையில் நின்றது தாலாட்டோ ஒப்பாரியோ, எது என்று அவருக்கு இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதைவிட வேறொன்று அவரைக் குடைந்தது. இருபது வருஷத்தில் எத்தனை நாள் இந்த மலைக்கு அவர் ஏறி வந்திருக்கிறார், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அமிர்தம் பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை வந்தாள். நானும் கூட வரட்டுமா என்று அவள் கேட்ட நாளெல்லாம், இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, நாளைக்குப் பாக்கலாம் என்று சொல்லிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். புருஷன் வீடுதானே அவளுக்கு வீடு என்று அவர் நினைத்திருந்தார். அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே தினமும் எங்கே போய் வந்தாள் என்று யோசித்ததே இல்லை. பூமாலைக்கு வெட்கமாக இருந்தது. முனியன் வந்து ஹாரன் அடிக்கிறவரை கிட்டாரை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அவர் சோர்ந்து கிடக்கிற பிறவி இல்லை. வண்டி கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் மனசைத் தேற்றிக்கொண்டார். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது, சுரம் எதையும் மாற்ற வேண்டியதில்லை, பாட்டு கிளம்பித் திரும்புகிற வீட்டை மாற்றினால் போதும். சொல்வது சுலபமாக இருந்தது. விரல்கள் நாலு மாதப் பழக்கத்தில், எட்டில் ஆரம்பித்தாலும் பாட்டு முடிகிற இடத்தில் தானாகவே தந்தியை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சியில் போய் நின்றன. அமிர்தத்தின் அலமாரியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து எட்டாவது கட்டத்தில் ஒட்டினார். தினமும் பின்சீட்டில் நாற்பது நிமிஷம், வீட்டுக் கொல்லையில் ஒரு மணி நேரம். முனியன் இரண்டு நாள் கேட்டுவிட்டு, "இப்பதான்யா கேக்கற மாதிரி கீது" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை எட்டு மணிக்கு ஏரிக்கரையில் எல்லோரும் கூடினார்கள். வேப்பிலை செருகிய கரகச் செம்பு மேல் மல்லிகைச் சரம் சுற்றி வைத்திருந்தது. மடித்த புதுப்புடவை ஒரு தாம்பாளத்தில். கரகத்துக்கு எதிரே பாயில் செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கே எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டவள், முடி இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம், அதிகம் பேசாத மனுஷி. பெண் வீட்டுச் சாமி எப்படி வருகிறது என்று பார்க்க வந்தவள் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

இருசப்பன் பம்பையில் கை வைத்ததும் ஏரிக்கரைக் கொக்குகள் எழும்பின. அவர் அமிர்தத்தை ஊர் சொல்லி, பேர் சொல்லி, பூ வாங்க வா, புடவை வாங்க வா என்று அழைத்தார். கால் மணி நேரத்தில் குஞ்சம்மாளுக்குத் தோள் குலுங்கியது. தலைமயிரை அவிழ்த்துவிட்டு ஆடி வந்து கரகத்துக்கு முன்னால் நின்று, "வந்துட்டேன்டா, எனக்கு அரக்குல பொடவ எங்கடா" என்றாள். கூட்டம் குலவை போட்டது. தாம்பாளத்தில் இருந்ததும் அரக்குப் புடவைதான்.

செவ்வந்தி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினாள். குலவை பாதியில் நின்றது. குஞ்சம்மாள் ஆடுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லட்சுமியம்மாள் மட்டும் திரும்பவில்லை.

"ஒரு நிமிசம் இருங்க" என்று இருசப்பனிடம் சொல்லிவிட்டுப் பூமாலை பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். உறையைக் கழற்றியபோது யாரோ சிரித்தார்கள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எட்டில் ஆரம்பித்தார். சந்தைமேட்டுக்கு இறங்கித் திரும்பினார். பன்னிரண்டைத் தொட்டுத் திரும்பினார். அடிவரைக்கும் இறங்கியபோது, இத்தனை பேர் முன்னால், விரல் பழைய புத்தியில் தந்தியை விட்டுவிட்டது. கள்ளக்குறிச்சி கணீரென்று ஒலித்து அங்கேயே நின்றது. கூட்டத்தில் ஒரு பெண் விசும்பினாள். இருசப்பன் கண்ணை உருட்டி, வேண்டாம் என்று ஜாடை காட்டினார்.

அந்த விசும்பல் பூமாலையின் நெஞ்சுக்குள்ளும் ஏறியது. அங்கேயே நின்றுவிட்டால் தானும் உடைந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்தது. நின்றுவிட்டால் அவளும் வரமாட்டாள். வா, போகலாம் என்று மனசுக்குள் சொன்னார். இன்றைக்குக் கூட்டம் ஒன்றும் ஜாஸ்தி இல்லை, வா. பாளையத்தில் விரலை வைத்தார். அணையில் வைத்தார். நாலு கட்டத்தையும் ஒரே தாவலில் தாவி, சந்தைமேடு தாண்டி, எட்டில் போய் அழுத்தினார். விரல் அங்கே தங்கியது. மறுபடியும் இறங்கி மறுபடியும் ஏறினார். மூன்றாம் தடவை ஏறும்போது விரலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நிமிர்ந்தபோது செவ்வந்தி அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவள் தலை ஒரு பக்கமாக அசைந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தது, பின்னால் போனது. சாமி வந்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். பெண்கள் எழுந்து நின்றார்கள். குஞ்சம்மாள் அவிழ்ந்த முடியோடு கை கூப்பினாள். இருசப்பன் கொஞ்சம் குனிந்து, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வந்திருக்கறது யாரும்மா?"

அசைந்துகொண்டிருந்த தலை மெல்லச் சாய்ந்து லட்சுமியம்மாளின் தோளில் போய் இறங்கியது. செவ்வந்தியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. தொட்டில் குழந்தை தூங்குவது போல மூச்சு சீராக வந்தது. ஈர முடியிலிருந்து ஒரு சொட்டு அந்த அம்மாளின் பட்டுப்புடவையில் விழுந்து பரவியது.

இருசப்பன் பம்பையை அடிக்கக் குச்சியை ஓங்கினார். லட்சுமியம்மாள் தோளை அசைக்காமல், ஒரு கையை மட்டும் தூக்கி அவரைத் தடுத்தாள். பிறகு அதே கையைப் பூமாலை பக்கம் திருப்பி, நிறுத்தாதீங்க என்பது போல அசைத்தாள். பூமாலை நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை, அது பாட்டுக்கு வழிந்தது. கரகத்தின் மல்லிகைச் சரத்தில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்து, பூவுக்குப் பூ நிதானமாக நடந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற அறுபது பேரில் அதை விரட்ட ஒருவர்கூடக் கையை அசைக்கவில்லை.